மூன்று மா நிலமும் ஒரு இன்ஜினியரிங் சீட்டும்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலத்தில் சாகுபடி செய்கிறேன். போர் இருக்கிறது, ஐந்து எச்பி மோட்டார். மூத்தவன் ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறான். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். மகள் ஆறாவதிலிருந்து ஊரிலுள்ள அரசுப் பள்ளியில்தான் படித்தாள், இந்த வருடம் பிளஸ் டூ பாஸ். டவுனில் அட்மிஷன் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருகிறாராம். வருடத்துக்கு 1,40,000. ஹாஸ்டல், சாப்பாடு 95,000. வெள்ளிக்கிழமைக்குள் 10,000 முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுக்க வேண்டும் என்கிறார். மூன்று மாவை விற்றால் நாலு வருடப் படிப்புக்குச் சரியாக வரும். என் மச்சான், "இன்ஜினியருக்குப் படிச்சவனெல்லாம் சோத்துப் பொட்டலம் தூக்கிட்டு அலையறான். நம்ம கும்பகோணத்து ராமானுஜம் எந்தக் காலேஜுல பாஸ் பண்ணாரு?" என்று கேட்கிறார். கல்லூரிக்கு இவ்வளவு செலவு செய்வது தகுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வருடா வருடம் வருகின்றன.

முதலில் ஒரு சின்னக் கோபம். போர் மோட்டார் எத்தனை எச்பி என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் எத்தனை மார்க் என்று எழுதவில்லை. கணக்கில் எவ்வளவு, இயற்பியலில் எவ்வளவு, ஒன்றும் இல்லை. அந்த மார்க்கை வைத்துத்தான் 2,35,000 ரூபாய் கேட்கும் சீட்டு வேறு வழியில் எவ்வளவுக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியும். வீட்டுக்கு வந்தவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்குத் தேவையில்லை.

சரி, நெல்லில் கணக்குப் போடுவோம். மாவுக்குப் பத்து மூட்டை என்று வைத்துக்கொண்டால் ஆறு மாவுக்கு அறுபது மூட்டை. மூட்டைக்கு அறுபது கிலோ, ஆக 36 குவிண்டால். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு அரசு அறிவித்தது சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய். மொத்தம் 91,620. இதில் உழவு, விதை, நடவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் போகக் கையில் பாதி நின்றால் அது நல்ல வருடம். அதாவது, ஒரு போக சம்பாவை முழுசாகக் கொண்டுபோய்க் கொட்டினாலும் ஹாஸ்டல் பில் கூட முடியாது.

தொகையை விடத் தேதிதான் நம்மை நெருக்குகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் நாற்றங்காலுக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். கல்லூரிக்காரனும் அதே ஆனி ஆடியில்தான் கட்டணம் கேட்கிறான். சம்பா பணம் வருவது தை மாசியில். நடுவில் இருக்கும் ஆறேழு மாதத்தைக் கழுத்தில் காதில் கிடப்பதை வைத்துத்தான் தாண்டுகிறோம். என் தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் ஆடிப்பெருக்கு அன்று அம்மா படித்துறையில் வெறும் மஞ்சள் கயிற்றோடு நின்றாள். சங்கிலி கூட்டுறவு வங்கியில். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கக்கூடாது என்று கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டாள். அன்றைக்குப் படித்துறையில் பாதிப் பேர் கழுத்து அப்படித்தான் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

அப்புறம், வந்தவர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். உங்கள் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அந்தப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் வந்தது. கலந்தாய்வில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. கிடைத்துவிடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அதற்கும் தரவரிசை உண்டு, போட்டி உண்டு. அதில் கிடைக்காவிட்டால் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. உங்கள் மகனுடையது ஐடிஐ சான்றிதழ், பட்டம் இல்லை. வீட்டில் வேறு பட்டதாரி இல்லையென்றால் மகள்தான் முதல். அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றைக்கே எழுதிப் போடுங்கள். இந்த இரண்டும் கலந்தாய்வில் போகிறவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டால் இரண்டும் போச்சு.

இன்னொன்று. சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்தது, கலந்தாய்வு இடத்துக்கு வருடம் 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. உங்களிடம் கேட்பது 1,40,000. நடுவில் இருப்பது என்ன, ரசீதில் அது எந்தப் பெயரில் வரும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், சுவாரசியமாக இருக்கும்.

சென்னைக்குப் போக வேண்டும் என்பதே முதலில் எதற்கு? தஞ்சாவூருக்குப் பக்கத்தில் செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருக்குவளையில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ராஜாமடத்தில் ஒன்று. எந்த தரகரும் இந்தப் பெயர்களைச் சொல்ல மாட்டார். கமிஷன் வராதே.

இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று இல்லையென்றால் செலவு இன்னும் இறங்கிவிடும். மன்னார்குடியிலும் திருவாரூரிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வருடக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்ணுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துப் போனால் மாதக் கடைசியில் பணம் மிஞ்சக்கூட வாய்ப்பிருக்கிறது. இந்தக் கணக்கில் "கல்லூரி தகுமா" என்ற கேள்வியே எழாது. கேள்வி எழுவது 2,35,000-க்குத்தான், அது அந்த இடைத்தரகர் சொன்ன விலை.

உங்கள் மச்சானுக்கு வருகிறேன். ராமானுஜத்தை இழுக்காதவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டு அந்தத் தொகையை இழந்தார், அப்புறம் சென்னைக்குப் போயும் பட்டப்படிப்புக்கு முந்தின எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அதுவரை மச்சான் சொல்வது சரி. மீதியையும் சொல்ல வேண்டுமே. துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை பார்த்தவரை 1913-ல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்துக் கணக்கு மட்டும் போட வைத்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும் கொடுத்தது. கல்லூரியில் தோற்ற பிறகும் அவர் தேடிக்கொண்டே இருந்தது ஒரு கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும்தான். நம் கதைக்கு அவரை இழுப்பதே நியாயமில்லை என்பது வேறு விஷயம்.

சோத்துப் பொட்டலம் விஷயத்தில் மச்சான் பொய் சொல்லவில்லை. என் தெருவிலேயே இரண்டு பி.இ. அப்படி ஓடுகிறார்கள். 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. ஏறக்குறைய இரண்டில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிற ஊரில் பட்டத்தைப் பார்த்து யாரும் நாற்காலி போட மாட்டார்கள். ஆனால் அதே காரணத்தால், பட்டம் இல்லாதவரின் விண்ணப்பம் பல இடங்களில் மேஜைக்கே வருவதில்லை. உங்கள் மகன் விஷயம் வேறு. ஃபிட்டர் வேலை கையில் இருக்கிற தொழில். அவன் நினைத்தால் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம், அதிலிருந்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் போகலாம். அந்தப் பையனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளையிடம் மேலே படிக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை.

பேராவூரணிப் பக்கம் எனக்கு ஒரு சிநேகிதர், தென்னை விவசாயி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. விடிந்து வாசலில் வந்து நின்றால், வழக்கமாக மட்டைகள் மறைக்கும் இடத்தில் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்ததாம். பையன் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாம் வருடம். அந்தக் கல்லூரி, பாக்கியைக் கட்டாமல் ஹால் டிக்கெட் இல்லை என்றது. பெயர் சொல்லவில்லை, அவர்களும் இதைப் படிக்கலாம். சிநேகிதர் மனைவியின் தோட்டை விற்றுக் கட்டினார். பையன் இரண்டு அரியரோடு முடித்தான், கொஞ்ச நாள் அங்கே இங்கே அலைந்தான், இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். டிப்ளமோ போதும் அந்த வேலைக்கு என்று அவனே சொல்கிறான். இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. முதல் வருடம் சேர்க்கும்போது தோப்பில் பாதியை விற்றுவிடலாம் என்றுதான் சிநேகிதர் நினைத்திருந்தார். கடைசி நேரத்தில் வங்கிக் கல்விக் கடனுக்குப் போனார். மரமெல்லாம் விழுந்தாலும் மண் அவர் பெயரில் இருந்தது. கன்று வைத்தார். போன மாதம் போயிருந்தபோது பாளை விட்டிருந்ததைக் காட்டினார், பேரப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

அதனால் நிலத்தை விற்காதீர்கள். ஒத்திக்கு விடுவதைக்கூட இப்போதைக்கு யோசிக்காதீர்கள். நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. கல்லூரிக்கும் படிப்புக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேனேஜர் இழுத்தடிப்பார், தெரியும். நடையாய் நடக்க வேண்டும். ஆனாலும் கடனை அடைக்கலாம், விற்ற மாவை அதே விலைக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு" என்று மச்சான் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருப்பார். என் அக்கா தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தாள். முடித்து எட்டு வருடம் வேலை இல்லை. ஊரே கேட்டது, படிச்சு என்னத்தக் கண்டே என்று. பிறகு எழுதி வாங்கிய அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பே போதும். அப்படிப் பார்த்தால் அந்த மூன்று வருடம் கணக்கில் நஷ்டம். ஒருநாள் நானே இதைக் கேட்டுவிட்டேன். "அந்த மூணு வருஷம் யாரும் என்னைப் பொண்ணு பாக்க வரலடா. அதுக்கே காசு கொடுக்கலாம்" என்றாள். அவள் கூடப் படித்து பிளஸ் டூவோடு நின்ற இரண்டு பெண்களுக்கு அதற்குள் ஆளுக்கொரு பிள்ளை.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முன்பணம் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கலந்தாய்வுக்கும் அரசு கலைக் கல்லூரிக்கும் இரண்டுக்குமே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள், ஒன்று இன்னொன்றுக்குத் தடையில்லை. மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடிக்குமா, அல்லது அது வந்தவருக்குப் பிடித்ததா என்று சாப்பிடும்போது கேளுங்கள். பெண்கள் அப்பாவிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள், அம்மா கேட்டால் நல்லது.

கணக்கு மார்க்கை நூறுக்கும், இயற்பியல் வேதியியல் மார்க்கை ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டினால் கட்-ஆஃப் வரும். அடுத்த கடிதத்தை மகளையே எழுதச் சொல்லுங்கள், அந்த எண்ணோடு.

அன்புடன்.