‘இறப்பு ஆபத்து 30 சதவீதம் குறைவு’ என்றால் என்ன? வாசகர் கேள்விகள்

புதிய மருந்து இறப்பு ஆபத்தை 30 சதவீதம் குறைக்கிறதாம். நூறு பேரில் 30 பேர் கூடுதலாகப் பிழைப்பார்களா? (பாலக்கோடு வாசகி)

இல்லைங்க. ஹசார்ட் ரேஷியோ (இரு குழுக்களில் இறப்பு நேரும் வேகங்களின் விகிதம்) 0.7 என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதாவது, பழைய சிகிச்சையைவிட இறப்பு நேரும் வேகம் 30 சதவீதம் குறைவு. பழைய சிகிச்சையில் இரண்டு வருடம் கழித்து 100க்கு 60 பேர் உயிரோடு இருந்தால், புதியதில் சுமார் 70 பேர் இருப்பார்கள். பத்துக் குடும்பம் என்பது சின்ன விஷயமில்லை, ஆனால் முப்பது இல்லை. பழையதிலேயே 95 பேர் இருந்தால், ஒன்றிரண்டு பேர்தான் கூடுவார்கள்.

ஆய்வின் நடுவே வராமல் போனவர்களை இறந்தவர்களாகக் கணக்கிடுவார்களா? (ஊத்தங்கரை, நர்சிங் மாணவி)

மாட்டார்கள். ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டார்கள். 1958இல் புள்ளியியல் அறிஞர்கள் கப்லானும் மையரும் இதற்கு வழி சொன்னார்கள். பத்து நோயாளிகள் என்று வைப்போம். 6ஆம் மாதம் ஒருவர் இறக்கிறார், 10க்கு 9. 8ஆம் மாதம் ஒருவர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விடுகிறார், அப்புறம் தகவல் இல்லை. அதுவரை அவர் கணக்கில் உண்டு, பிறகு இல்லை. மீதி 8 பேர். 10ஆம் மாதம் இன்னொருவர் இறந்தால் 8க்கு 7. இரண்டையும் பெருக்கினால் சுமார் 79 சதவீதம்.

வேலைக்குப் போனவரை இப்படி எடுப்பது சரி. நோய் முற்றி, பஸ் ஏற முடியாமல் பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமத்தில் படுத்துவிட்டவரையும் இப்படியே எடுத்தால்? மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். அதனால்தான் என் மாணவர்களிடம் போன் போடுங்கள், ஆள் அனுப்பி விசாரியுங்கள் என்று மன்றாடுகிறேன்.

நாளாக ஆக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில், இரு குழுக்களின் கோடுகளும் நடுவில் குறுக்கிட்டால்? (ஓசூர்)

அங்கே ஹசார்ட் ரேஷியோ என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். இரு கோடுகளையும் ஒப்பிடும் லாக்-ரேங்க் சோதனையும் வித்தியாசத்தைத் தவறவிடலாம். உதாரணமாக, அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளில் முதல் மாதங்களில் இழப்பு அதிகம், பிற்பாடு நன்மை அதிகம் என்றிருக்கலாம். மூன்று வருடம் என்று எல்லை வைத்து, அதற்குள் ஒவ்வொரு குழுவும் சராசரியாக எத்தனை மாதம் வாழ்ந்தது என்று ஒப்பிடுங்கள்.

அப்பாவின் நோய்க்கு ‘மீடியன் 14 மாதம்’ என்று படித்தேன். அவ்வளவுதானா? (கிருஷ்ணகிரி)

இல்லை. பாதிப் பேர் 14 மாதத்தைத் தாண்டினார்கள் என்றும் அதற்குப் பொருள் உண்டு. அவர்களில் சிலர் பல வருடம் வாழ்ந்திருக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம், “அப்பா வயதில், இதே கட்டத்தில் இருப்பவர்களில் இரண்டு வருடம் கழித்து 100க்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள்.