மண் ஈரமாக இருந்தும் மிளகாய்ச் செடி வாடுகிறது, சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?

பெரிய அலையில் கரை உடைந்து கொல்லையில் கடல்தண்ணீர் ஏறிவிட்டது, வடிந்த பிறகும் ஈர மண்ணிலேயே மிளகாய் தலை தொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பு கொட்டச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் கரையோரப் பந்திங்கில். கடலோரச் செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக வேலை பார்த்தவன். இந்தப் பக்கம் இது புதுக் கதை இல்லை.

சுண்ணாம்பை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஈரம் இருப்பதும் வேர் அதைக் குடிப்பதும் ஒன்றல்ல. நறுக்கிய மாங்காயில் உப்பைத் தடவினால் அது தண்ணீர் விடுகிறதல்லவா, உங்கள் மண்ணில் உப்பு அதே இழுப்பைத்தான் வேரிடம் காட்டுகிறது. மழை பெய்து வடிந்த நல்ல மண் தண்ணீரைப் பிடித்து வைப்பது ஏறக்குறைய 0.3 பார் இழுப்பில் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடிவிடும் எல்லை என்று மண் நூல்களில் போட்டிருப்பது 15 பார். கடல்தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு; அதன் இழுப்பு மட்டுமே 25 பார் அளவில் வரும். அதாவது கலக்காத கடல்தண்ணீரில் முழங்கால் வரை நின்றாலும் மிளகாய்க்கு அது வறண்ட காடுதான். பத்தில் ஒரு பங்காகக் கரைந்த பிறகும் 2.5 பார் மிச்சம். பக்கத்துக் கேரித் தீவு ஓரத்துப் பக்காவ் மரங்கள், அதாவது அலையாத்தி மரங்கள், அதையே குடித்து வாழ்கின்றன என்றால், தண்டுக்குள் 30 பாருக்கும் மேலான இழுப்பை வைத்துக்கொண்டு, உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுவதால்தான். மிளகாய்க்கு அந்தப் பலம் கிடையாது.

இது முதல் பூட்டு. இதைச் சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம் திறக்காது. உப்போடு இன்னொரு உப்பைச் சேர்த்தால் இழுப்பு கூடுமே தவிரக் குறையாது. கடையில் விற்கும் கால்சியம் ஸ்பிரே பாட்டிலில் இதைப் போட மாட்டார்கள்.

இரண்டாவது பூட்டு வேருக்குள்ளேயே இருக்கிறது, கால்சியத்தின் வேலை அங்கேதான். வேர் செல்லின் சவ்வில் தண்ணீருக்கென்றே தனி வாசல்கள் உண்டு. அக்குவாபோரின் என்ற புரதங்கள் அவை. இவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆகிருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உப்பு ஏறியதும் செடி இந்த வாசல்களில் பலவற்றை மூடிவிடுகிறது, சிலவற்றைச் சவ்விலிருந்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது. சவ்வையும் செல் சுவரையும் இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். சோடியம் கூட்டமாக வந்தால் அதை இடத்தைவிட்டுத் தள்ளுகிறது. சவ்வு தளர்ந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசியும், வெளியே இருக்கும் சோடியம் புகும். 1990களின் தொடக்கத்தில் மக்காச்சோள நாற்றுகளை உப்புக் கரைசலில் வளர்த்து அளந்தார்கள். வேர் தண்ணீரைக் கடத்தும் திறன் நன்றாகவே குறைந்தது; கூடுதல் கால்சியம் கொடுத்தபோது அந்த இழப்பில் ஒரு பங்கு திரும்பி வந்தது. முழுவதும் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

கால்சியம் சேதி சொல்லவும் செய்கிறது. உப்பு பட்ட சில விநாடிகளில் செல்லுக்குள் கால்சியம் குபீரென்று ஏறும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் இன்னொன்றை எழுப்ப, அது சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை முடுக்கிவிடும். வெளியே கால்சியம் போதுமான அளவு இருந்தால் சோடியம் நுழையும் வழிகளும் ஓரளவு அடைபடும்.

சரி, சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறதே, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? நம் கரையோர மண்ணுக்குச் சுண்ணாம்பு போடும் பழக்கம் வந்தது உப்புக்காக அல்ல, புளிப்புக்காக. இங்கே பல இடங்களில் கீழே பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் கிடக்கிறது. கான் வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாகிறது, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4க்கும் கீழே போய்விடுகிறது (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அங்கே சுண்ணாம்பு நன்றாகக் கரையும், வேலையும் செய்யும். புளிப்பில்லாத மண்ணில் அப்படியே கல்லாகக் கிடக்கும். ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், வேறு ஜாதி: லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் கரையும், மண்ணின் பிஎச்சை ஏற்றாது. களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கி அந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைக்கும். அதைச் செய்யாமல் மழையை மட்டும் நம்பினால் உப்பு போகும், சோடியம் பிடித்த களி மட்டும் குழைந்து இறுகி, பிறகு தண்ணீரே இறங்காமல் தேங்கும். அது உப்பைவிடப் பெரிய தலைவலி.

ஆகவே முதலில் கானைச் சுத்தம் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் போக வழியில்லாவிட்டால் எந்த மருந்தும் வீண். பிஎச் பாருங்கள். 5க்கு மேலே இருந்தால் ஜிப்சத்தைத் தூவிக் கொத்திவிட்டு மழைக்கு விடுங்கள். ரொம்பக் கீழே இருந்தால் ஜி.எம்.எல். என்கிற மக்னீசியம் கலந்த அரைத்த சுண்ணாம்பையும் சேர்க்கலாம். நம் ஊர் மழை இந்த விஷயத்தில் பெரிய உதவி, நாலு நல்ல மழை பெய்தால் மேல்மண் கழுவிவிடும். அதுவரை என்பிகே உரத்தைத் தொடாதீர்கள். அதில் பொட்டாஷ் பெரும்பாலும் குளோரைடாகத்தான் வரும், அதுவும் உப்புதான். பூந்தொட்டியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி.

இருக்கிற மிளகாயில் அடி இலை ஓரம் கருகியிருந்தால் பிடுங்கிவிடுவதே மேல். திரும்ப நடும்போது மண்ணின் உப்பை மீட்டரில் அளந்துவிடுங்கள். மீட்டர் உப்பைக் காட்டும் அலகு டெசிசீமன்ஸ் (dS/m); மிளகாய் 1.5 டெசிசீமன்ஸுக்கு மேல் விளைச்சலைக் குறைக்கத் தொடங்கும், தக்காளி 2.5 வரை தாங்கும். பீன்ஸ் 1ஐத் தாண்டினாலே முரண்டு பிடிக்கும், அதைக் கடைசியாகப் போடுங்கள்.