ஜிங்க் ஆக்ஸைடு பவுடரை அடுப்புக்கரியோட சேர்த்து சூடு பண்ணி வீட்டுலயே துத்தநாகம் எடுக்க முடியுமா?

துத்தநாகம் உருவாகும், ஆனா உங்க கைக்கு வராது. கரி ஆக்ஸிஜனை பிடுங்கிக்கும், ஜிங்க் பிரிஞ்சு வரும்னு புக்ல போட்டிருக்கறதெல்லாம் சரிதான், ஆனா அது ஒழுங்கா நடக்க 1000 டிகிரி கிட்ட வேணும், ஜிங்க் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிடும். சோ ஈயம் மாதிரி மூசைக்கு (உலோகம் உருக்கற பாத்திரம்) அடியில உருகி நிக்காது, மூடி இடுக்குல வெளிய வந்து காத்து பட்டதும் பச்சையும் நீலமுமா எரிஞ்சு வெள்ளைப் புகையா போயிடும், அந்த வெள்ளைப் புகை என்னன்னு பாத்தா நீங்க முதல்ல போட்ட அதே ஜிங்க் ஆக்ஸைடு!

அதாவது சிக்கல் பிரிக்கறதுல இல்ல, பிடிக்கறதுல. இதனாலதான் பித்தளை பண்ணவங்க ரொம்ப காலம் துத்தநாகத்தை தனியா கண்ணால பாக்காமலே, அதோட தாதுவையும் கரியையும் செம்போட ஒரே மூசையில அடைச்சு அந்த ஆவியை செம்பையே குடிக்க வெச்சாங்க.

ஆவியை பிடிச்சு துத்தநாகத்தை தனியா எடுக்கறதை பெரிய அளவுல சரியா பண்ணது ராஜஸ்தான்ல உதய்ப்பூர் பக்கம் இருக்கற ஜாவர்ல. கத்திரிக்காய் வடிவ மண் மூசையில வறுத்த தாதுவை அடைச்சு, வாயில ஒரு குச்சிய சொருகி, ஓட்டை போட்ட தட்டு மேல கவுத்து வெச்சாங்க, ஒரு உலைக்கு 36 மூசை. தீ எல்லாம் மேல, கீழ சூடு கம்மியான அறை. கவுத்தும் தாது கொட்டாம குச்சி பிடிச்சுக்கும், சூடேறினதும் அது கருகி ஆவி இறங்க வழி விட்டுடும் (யாருக்கு தோணுச்சோ, செம மூளை). ஆவி காத்தே படாம கீழ இறங்கி குளிர்ந்து சொட்டும். ஐரோப்பால இங்கிலாந்தோட பிரிஸ்டல் ஊர் வில்லியம் சாம்பியன் இதே மாதிரி கீழ்நோக்கி வடிக்கற முறைக்கு பேட்டன்ட் வாங்கினது 1738லதான். ஜாவர்ல பழைய மூசைகளை அடுக்கி கட்டின சுவர்கள் கூட இருக்கு.

வீட்டுல இதை ட்ரை பண்ணாதீங்க ப்ளீஸ். கார்பன் மோனாக்ஸைடு வரும், வாசனையே இருக்காது. அந்த வெள்ளைப் புகைய இழுத்தா சில மணி நேரம் கழிச்சு குளிர் காய்ச்சல் வரும், ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) வெல்டிங் பண்றவங்கள கேளுங்க.

கண்ணால பாத்தே ஆகணும்னா காலேஜ் லேப்ல, ஆள் கூட இருக்கும்போது, ஆக்ஸைடை நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட்ல கரைச்சு கரன்ட் விடுங்க, அலுமினியத் தகடு நெகட்டிவ், ஈயத்தகடு பாசிட்டிவ். இப்போ உலகத்துல பெரும்பாலான துத்தநாகம் இப்படித்தான் வருது. கரைசல் மட்டும் சுத்தமா இருக்கணும், கொஞ்சூண்டு ஆன்டிமனியோ கோபால்ட்டோ இருந்தாலும் படிஞ்சது திரும்ப கரைய ஆரம்பிச்சு ஹைட்ரஜன் குமிழிதான் வரும். எல்லாம் சரியா இருந்தா அலுமினியத்து மேல சாம்பல் நிறத்துல படியும், ஓரத்துல நெம்பினா தகடாவே உரிஞ்சு வரும்.