இரும்பு உடல் கொண்ட என் பழைய வின்செஸ்டர் (அமெரிக்க நிறுவனம்) துப்பாக்கியின் குழலில் 1866 என்று இருக்கிறது, அது 1866 மாடலா?

இல்லை. அது வின்செஸ்டரின் வடிவமைப்பாளர் நெல்சன் கிங்கின் காப்புரிமைத் தேதி. வின்செஸ்டர் 1873 மாடல் குழலிலும் அதே வரியைப் பொறித்தது. 1866 மாடலின் உடல் பொதுவாக மஞ்சள் நிற வெண்கலம். உங்களுடையது இரும்பு என்கிறீர்கள், பெரும்பாலும் 1873தான்.

முதலில் குழலும் தோட்டாக் குழாயும் காலியா என்று பாருங்கள். பிறகு ஹேமருக்கு (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) பின்னால், கட்டையின் மேல் ஓடும் உலோக மேல்பட்டையில் மாடல் பெயர் தெரிகிறதா பாருங்கள். வரிசை எண் அடியிலுள்ள கீழ்ப்பட்டையில், லீவருக்கு (தோட்டா ஏற்ற இழுக்கும் கைப்பிடி) பின்னால் இருக்கும்.

அந்த எண்ணை வைத்து அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கோடி (Cody) நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் தொழிற்சாலைப் பதிவுக் கடிதம் வாங்கலாம்; துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்தது என்று அது சொல்லும். கடிதத்தில் எண்கோணக் குழல், கையில் உருளைக் குழல் என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், விலை இறங்கும்.

துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் வேண்டாம். அதோடு பழைய பூச்சும் போய்விடும், சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே அந்தப் பூச்சுக்குத்தான்.