எழில்: ஆண் பெயரா, பெண் பெயரா?

கேள்வி: எழில் என்ற பெயருக்கு என்ன பொருள்? ஆணுக்கு வைப்பதா, பெண்ணுக்கு வைப்பதா? பிறக்கப் போகும் எங்கள் குழந்தைக்கு வைக்கலாமா?

என் மகள் பெயர் எழில். ஏழாவது படிக்கிறாள். எங்கள் பக்கத்துத் தெருவில் இன்னோர் எழில் இருக்கிறான், கல்லூரி முடித்த பையன். ஆக, இருவருக்கும் பொதுவான பெயர்தான்.

எங்களுக்கு அந்தப் பொதுத்தன்மைதான் தேவைப்பட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எனக்கோ வயிற்றில் இருக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச ஆசை. எது பிறந்தாலும் மாற்றத் தேவையில்லாத பெயராகத் தேடினோம். கதிர், முகில், மதி, தமிழ் எல்லாம் பட்டியலில் இருந்தன. எழிலுக்கு வந்ததும் இருவரும் அங்கேயே நின்றுவிட்டோம்.

எழில் என்றால் அழகு. அகராதியைப் புரட்டினால் இதுதான் முதலில் வரும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். திருக்குறளில் 407ஆம் குறளைப் பாருங்கள்:

"நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம்
மண்மாண் புனைபாவை யற்று."

இதில் வரும் 'எழில்நலம்' என்பதற்குப் பரிமேலழகர் 'எழுச்சியும் அழகும்' என்று உரை எழுதுகிறார். அழகு என்ற பொருளை நலத்துக்குக் கொடுத்துவிட்டார். எழிலுக்கு அவர் கொடுப்பது எழுச்சி. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. வெறுமனே பார்க்க லட்சணமாக இருப்பதைச் சொல்லும் சொல் இல்லை இது, நிமிர்ந்து எழுவதும் இதற்குள் இருக்கிறது. மேகத்துக்கு 'எழிலி' என்று ஒரு பெயர் உண்டு, 17ஆம் குறளில் 'தடிந்தெழிலி' என்று வருமே, அதுதான். கடலே வற்றிப்போகும் அளவுக்கு மழையை நிறுத்திக்கொள்ளக்கூடிய எழிலி அது. இந்தச் சொற்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பெயருக்குக் கனம் கூடுகிறது.

அந்த 407ஆம் குறள் புகழ்ச்சி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுட்பமான அறிவு இல்லாதவனின் எழிலும் அழகும், சுதையால் செய்து அலங்கரித்த பொம்மையின் அழகு போன்றதுதான் என்கிறது. என் மகளுக்கு இந்தக் குறளை நானே சொல்லிக் கொடுத்தேன். தன் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சரி, இது எப்படிப் பொதுப் பெயர் ஆனது? நம் பழைய பெயர்களில் பால் ஈற்றிலேயே தெரிந்துவிடும். இலக்கண உரைகளில் வரும் சாத்தன், சாத்தி, கொற்றன், கொற்றி போல. 1916இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகு திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அந்தப் பெயர்களிலும் ஈறு இருந்தது. எழிலன், எழிலரசன், எழில்வேந்தன் என்றால் ஆண். எழிலரசி என்றால் பெண். ஆனால் வீட்டில் யார் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? எழிலரசனும் எழில்தான், எழிலரசியும் எழில்தான். அந்தக் கூப்பிடும் பெயரே இப்போது பதிவுப் பெயராகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். தமிழ்ச்செல்வனும் தமிழ்ச்செல்வியும் 'தமிழ்' ஆனதும் இதே வழியில்தான்.

பெயரில் பால் இல்லாவிட்டாலும் தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். எழில் வந்தான், எழில் வந்தாள். குழந்தையாக இருந்தபோது என் மாமியார் "எழில் தூங்குது" என்பார், அதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. காகிதத்தில் பெயரை மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம். பள்ளியில் ஒருமுறை விளையாட்டுப் போட்டிக்கு அவளை ஆண்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அன்று காலையில்தான் தெரிந்தது, ஓட முடியாமல் அழுதுகொண்டு வந்தாள். அப்போதிருந்து எந்தப் படிவமானாலும் பெண் என்ற கட்டத்தை ஒருமுறைக்கு இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ழகரம். ழ வராத பிள்ளைகள் 'எலில்' என்பார்கள், அது கொஞ்ச நாளில் 'எலி' ஆகிவிடும். இவளுக்கும் ஆனது. மூன்றாம் வகுப்பில் அவளுடைய ஆசிரியை வகுப்பு முழுவதையும் 'மழை, வாழை, எழில்' என்று தினமும் சொல்ல வைத்தார். ஒரே மாதத்தில் அந்தக் கேலி நின்றது. அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆங்கிலத்தில் 'இசட் எச்' போட்டு எழுதினால் வெளிமாநிலத்தவர்கள் 'எஸில்' என்று படிப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

தாராளமாக வையுங்கள். அவசரமும் இல்லை. பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குள் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லோரையும் ஒரு தடவை வாய்விட்டு "எழில்" என்று கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். ழ சரியாக வருகிறவர் வீட்டில் ஒருவர் இருந்தாலும் போதும், குழந்தை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளும்.