பதக்கம் போட்ட படப் புத்தகம்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. அட்டையில் தங்கப் பதக்கம் போட்டிருந்த ஒரு படப் புத்தகத்தை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது பக்கம் திருப்புவதற்குள் எழுந்து ஓடிவிட்டாள். விலையும் அதிகம். பரிசு பெற்ற புத்தகம் என்பதை நம்பி ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. அந்தப் பதக்கம் எதற்காகத் தரப்பட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படப் புத்தக அட்டைகளில் நாம் அதிகம் பார்க்கும் தங்க வட்டம் கால்டெகாட் பதக்கம். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில ஓவியர் ரேண்டால்ஃப் கால்டெகாட்டின் பெயரில், அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் நூலகப் பிரிவு 1938 முதல் ஆண்டுதோறும் கொடுத்துவருகிறது. இது ஓவியருக்குப் போகும் பதக்கம். அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஆகவே, உலகத்திலேயே சிறந்த புத்தகம் என்று இதற்குப் பொருள் இல்லை.

இன்னொன்று, இதுதான் உங்களுக்கு முக்கியம். இந்தப் பதக்கத்தைப் பொறுத்தவரை 14 வயது வரைக்கும் 'குழந்தை'தான். 2008-இல் இதை வென்ற ‘தி இன்வென்ஷன் ஆஃப் ஹ்யூகோ கேப்ரே’ 500 பக்கங்களைத் தாண்டிய கனத்த புத்தகம். பத்து வயதுப் பிள்ளை அதைக் கீழே வைக்காமல் படிக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைத் தூக்கவே முடியாது. உங்கள் மகள் ஓடியது அவளுடைய குறையும் இல்லை, புத்தகத்தின் குறையும் இல்லை. அதை அலமாரியில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அவளே எடுக்கக்கூடும்.

அடுத்த முறை கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். நல்ல படப் புத்தகத்தில் எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும். ‘பூனையைக் காணவே காணோம்’ என்று எழுத்து சொல்லும். படத்தில் மேசைத் துணிக்கு அடியில் வால் நுனி தெரியும். இன்னும் படிக்கத் தெரியாத குழந்தை, படித்துக் காட்டும் பெரியவரை முந்திக்கொண்டு “இதோ இருக்கு!” என்று விரலை வைக்கும். அந்த விரலுக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம். எழுத்தில் உள்ளதையே படம் திரும்பச் சொன்னால், எத்தனை பதக்கம் இருந்தாலும் சிறு குழந்தைக்கு அதை நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: சில புத்தகங்களில் வெள்ளிப் பதக்கம் இருக்கிறது. சிலவற்றில் ‘பரிசு பெற்ற ஓவியரின் படைப்பு’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கால்டெகாட்டில் வெள்ளி என்பது இறுதிவரை வந்து சிறப்பிக்கப்பட்ட நூல். வாங்குகிறவருக்குத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, தயங்காமல் வாங்கலாம். ‘பரிசு பெற்ற ஓவியர்’ என்பது வேறு சங்கதி. அவர் வேறு புத்தகத்துக்குப் பரிசு வாங்கியிருக்கலாம். உதாரணத்துக்கு, சிறார் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது தனி ஒரு புத்தகத்துக்கு உரியதே அல்ல. ஓவியர்களுக்கு 1966 முதல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அவர்களுடைய வாழ்நாள் பணி முழுவதற்குமாகத் தரப்படுகிறது. பெரிய கௌரவம்தான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தை யாரும் எடை போட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.

கேள்வி: ஒரே புத்தகம், ஒரே பதக்கம். இணையத்தில் ஓர் இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும். பதக்கம் கிடைத்தது முதல் பதிப்புக்கு. அதே பதக்கத்தின் படத்தோடு பிறகு வரும் எல்லாப் பதிப்புகளும் அதே புத்தகம் அல்ல.

நான் ஒருமுறை அப்படி மலிவாக வாங்கினேன். நடுப்பக்கத்தில் இரண்டு குழந்தைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கை நீட்டுவார்கள். விரல்கள் தொடும் இடம்தான் கதையின் உச்சம். என்னிடம் வந்த பிரதியில் அந்த விரல்கள் பைண்டிங்குக்குள் புதைந்து கிடந்தன. இறுக்கமாகப் பசை போட்டு ஒட்டியிருந்ததால் எவ்வளவு விரித்தாலும் தெரியவில்லை. ஒரு பக்கம் முழங்கை, மறுபக்கம் முழங்கை. அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு மனது வலித்தது.

தையல் போட்ட பைண்டிங் நன்றாக விரியும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். கெட்டி அட்டைப் பதிப்பில் அட்டையின் உட்புறத் தாளிலும் ஓவியர் வரைந்திருப்பார், சில நேரம் கதையே அங்கேதான் தொடங்கும். சாதா அட்டைப் பதிப்பில் அந்தத் தாளையே விட்டுவிடுவதுண்டு. கைக்குழந்தைகளுக்கான தடித்த அட்டைப் பக்கப் பதிப்பில் படத்தைச் சுருக்குவார்கள், ஓரங்களை வெட்டுவார்கள், சிலவற்றில் வரிகளையும் குறைப்பார்கள். கடித்துத் துப்பும் வயதில் அது சரி. அதற்கு மேல் வேண்டாம்.

இணையத்தில் வாங்கும்போது நீள அகலத்தையும் பக்க எண்ணிக்கையையும் மூலப் பதிப்போடு ஒப்பிடுங்கள். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். பெரிய தாளில் அச்சடித்து 16 பக்கக் கட்டாக (அச்சகத்தில் இதை ஃபாரம் என்பார்கள்) மடிப்பதால் வந்த கணக்கு அது. மூலத்தை விடப் பக்கம் குறைந்திருந்தால் எதையோ எடுத்திருக்கிறார்கள்.

விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் கள்ள அச்சாக இருக்கலாம். சிறிய கறுப்பு எழுத்தின் ஓரம் பிசிறியிருக்கும். இருட்டான இடங்களில் விவரம் எல்லாம் ஒன்றாகக் கரியாகிப் போயிருக்கும். பார்சல் வந்த அன்றே பிரித்து நடுப்பக்கத்தையும் இரவுக் காட்சியையும் பாருங்கள். குழந்தை கையில் கொடுத்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது.

கேள்வி: போனில் படித்துக் காட்டினால் போதாதா?

பதில்: போன் திரையில் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் பாதியாக வெட்டுப்படும், அல்லது வால் நுனி எல்லாம் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். டேப்லெட்டைக் கிடையாகப் பிடித்தால் ஓரளவு தேறும். வாங்கலாமா என்று முடிவு செய்ய அது உதவும். நூலகத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு வாரம் வீட்டில் வைத்திருந்து, ‘மறுபடியும்’ என்று குழந்தை எந்தப் புத்தகத்தைக் கொண்டுவருகிறது என்று பார்த்துவிட்டு அதை வாங்குங்கள்.