ஸ்டிக்கரில் யூனிட் எவ்வளவு? ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் வேலையில் எனக்கு 27 வருடம் ஆகிறது. புது ஃப்ரிட்ஜ் விற்பதில்லை, எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை. வெயில் ஏற ஆரம்பித்ததும் "எதை வாங்கலாம்?" என்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதை விட எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்றுதான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் பலருக்கும் உதவுகிறவற்றை எடுத்துக்கொண்டேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, நாங்க நாலு பேர். டபுள் டோர் 250 லிட்டர் பார்த்து வச்சிருக்கோம். 3 ஸ்டார் ஸ்டிக்கர்ல 220 யூனிட், அதே அளவுல இன்னொண்ணு 165 யூனிட், ஸ்டார் அதிகம். ஆனா விலை 5,000 ரூபாய் கூட. கடைக்காரர் ஸ்டார் அதிகம் உள்ளதைத்தான் எடுக்கணும்ங்கறார். எடுக்கலாமா?

முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். ஸ்டாரை மட்டும் எண்ணாமல் யூனிட்டையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த எண்தான் முக்கியம். அந்த ஃப்ரிட்ஜ் ஒரு வருடத்துக்கு இழுக்கும் கரண்ட் அது.

கணக்கைப் போடுவோம். வித்தியாசம் 55 யூனிட். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 385 ரூபாய். பத்து வருடம் ஓடினாலும் 3,850தான். கூடுதலாகக் கொடுக்கும் 5,000 திரும்பி வராது. இதே வித்தியாசம் 2,500 ரூபாயாக இருந்தால் ஆறரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆகவே கடையில் பேரம் பேசுங்கள். பண்டிகைத் தள்ளுபடியில் இந்த வித்தியாசம் குறைவதுண்டு.

இன்னொன்று. ஸ்டார் என்பது அந்தந்த அளவுக்கும் வகைக்கும் உள்ளே போடும் மதிப்பெண். ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க், பத்தாம் வகுப்பில் முதல் மார்க் என்பது போல. 5 ஸ்டார் போட்ட 500 லிட்டர் ஃப்ரிட்ஜ், 2 ஸ்டார் போட்ட 190 லிட்டர் சிங்கிள் டோரை விட அதிகக் கரண்ட் இழுக்கலாம். ஸ்டாரைப் பார்த்துப் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டு, பில்லைப் பார்த்து வருத்தப்படும் வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு என்ன அளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாலு பேருக்கு 230 முதல் 280 லிட்டர் வரை தாராளம். பிறகு அந்த அளவுக்குள் யூனிட்டை ஒப்பிடுங்கள்.

ஸ்டிக்கரில் எந்த வருடத்துக்கான ரேட்டிங் என்றும் போட்டிருப்பார்கள். 2023 ஜனவரியில் அளவுகோலை இறுக்கினார்கள். அதற்கு முன் 5 ஸ்டார் வாங்கிய பெட்டி, புதுக் கணக்கில் அந்த இடத்தில் நிற்காது. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வருடத்தைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

முதுநகரிலிருந்து: இன்வர்ட்டர் ஃப்ரிட்ஜ்னு சொல்றாங்களே, கரண்ட் போனாலும் ஓடுமா அண்ணே?

ஓடாது தம்பி. இந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். வீட்டில் பேட்டரியோடு வைக்கிற இன்வர்ட்டர் வேறு, இது வேறு. சாதாரண கம்ப்ரசர் ஒன்று முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இன்வர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி கதவைத் திறக்காத நேரத்தில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் கம்மி, யூனிட் கம்மி. ஸ்டார்ட் ஆகும்போது பெரிய இழுப்பு இருக்காது என்பதால் வீட்டுப் பேட்டரி இன்வர்ட்டரில் மாட்டுவதற்கும் இதுவே தோது. ஆனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதன் உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. போர்டு போனால் செலவு கூடுதல். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருப்பார்கள், போர்டுக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேளுங்கள்.

வீராம்பட்டினத்திலிருந்து: வீடு கடலுக்குப் பக்கத்துலயே. ஏற்கெனவே இருந்த ஃப்ரிட்ஜ் ஆறே வருஷத்துல துரு புடிச்சு, கேஸ் லீக் ஆகி, ஏத்தி ஏத்திப் பார்த்து விட்டுட்டோம். புதுசு வாங்குறப்ப என்ன பார்க்கணும்?

அக்கா, உங்கள் கேள்விக்கு நீளமாகச் சொல்கிறேன். தேவனாம்பட்டினம் தொடங்கி வைத்திக்குப்பம் வரை கரையோரத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே தொல்லைதான்.

உப்புக்காற்று முதலில் கடிப்பது பெட்டியின் அடி விளிம்பையும், கால்களையும், பின்பக்கம் கம்ப்ரசர் இருக்கும் இடத்தையும். அங்கே குழாய்கள் பற்றவைத்த இடங்கள் இருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்து அந்த இணைப்புகளை அரித்து, ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், குளிரூட்டும் கேஸ் போய்விடும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. உங்களுக்கு "ஏத்தி ஏத்தி" ஆனது இதனால்தான் இருக்கும். இனி எந்த மெக்கானிக் வந்தாலும் "லீக் எங்கே என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

பழைய பெட்டிகளில் பின்னால், சூட்டை வெளியே விடும் கறுப்புக் கம்பி வலை தெரியும். இப்போது வருவதில் பெரும்பாலும் அது பக்கச் சுவருக்குள்ளேயே போய்விட்டது. பக்கவாட்டில் கை வைத்தால் சூடாக இருப்பது அதனால்தான், கோளாறு இல்லை. கடல் ஓரத்துக்கு இது ஒரு வகையில் நல்லது, குழாய் காற்றுக்குத் தெரியாது. ஆனால் உள்ளேயே லீக் ஆனால் சரி செய்வது கடினம். அதற்காகப் பயப்பட வேண்டாம், பராமரிப்பைச் சரியாகச் செய்தால் போதும்.

திண்ணையிலோ கடலைப் பார்த்த சன்னல் எதிரிலோ வைக்காதீர்கள். தரையிலிருந்து உயர்த்தி பிளாஸ்டிக் ஸ்டாண்டில் வையுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தையும் அடி விளிம்பையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். பெயின்ட் உரிந்த இடம் தெரிந்தால் அன்றே டச்-அப் செய்யுங்கள், அடுத்த மழைக்காலம் வரை விட்டால் தகடு பொரிந்துவிடும். கதவு ரப்பரில் சேரும் கறுப்புப் பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ரப்பர் பிடிப்பாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர்ச்சி வெளியே போகிறது. ரப்பர் மாற்ற ஆகும் செலவு, கரண்டில் போகும் காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

வாங்கும்போது, விவரம் எழுதிய ஸ்பெக் தகட்டில் 'கிளைமேட் கிளாஸ்' என்று ஓரிரு ஆங்கில எழுத்து இருக்கும். 'டி' (T) என்றால் 43 டிகிரி வெயில் வரை தாங்குமாறு கட்டியது. 'என்' (N) 32 வரை, 'எஸ்டி' (ST) 38 வரை. நம் ஊருக்கு 'டி' வேண்டும். மே மாத மத்தியானம் சமையல்கட்டுக்குள் எவ்வளவு வெக்கை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பழைய ஃப்ரிட்ஜ் 18 வருஷம் ஆச்சு, நல்லாத்தான் ஓடுது. புதுசு வாங்கிட்டு பழசை மாடியில தண்ணி பாட்டிலுக்கு வச்சுக்கலாம்னு பார்க்கிறோம்.

வேண்டாம் ஐயா. இந்த இரண்டாவது ஃப்ரிட்ஜ்தான் பல வீடுகளில் பில்லை ஏற்றுகிறது. அந்த வயதுப் பெட்டி ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். புது சிங்கிள் டோர் இதில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில் 500 யூனிட் என்பது ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே உள்ள 101 முதல் 200 வரையிலான படிக்கும் சேர்த்து ரேட் மாறிவிடுகிறது. 460, 470 யூனிட்டில் நிற்கும் வீடு மாடியில் ஒரு பழைய ஃப்ரிட்ஜை மாட்டியதும் கோட்டைத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு மண்பானை போதும், உடம்புக்கும் நல்லது.

பழைய பெட்டியைக் காயலான் கடையில் போடும்போது குழாயை வெட்டிக் கேஸைக் காற்றில் விட்டுவிடுவார்கள். புதுப் பெட்டி வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: புது ஃப்ரிட்ஜ்ல எரியிற கேஸ் இருக்குன்னு சொல்றாங்க, வீட்டுக்குள்ள வைக்கலாமா?

அந்தக் கேஸின் பெயர் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எரியும், உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது சில பத்து கிராம்தான். அடுப்புக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. முன்பு ஃப்ரிட்ஜில் வந்த ஆர்-134ஏ கேஸ் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல், இது மிக மிகக் குறைவு. கரண்டும் மிச்சம். கவனிக்க வேண்டியது ரிப்பேர் சமயத்தில்தான். கேஸ் உள்ளே இருக்கும்போது தீ வைத்துக் குழாயைப் பற்றவைக்கத் தொடங்குகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள், அந்தக் கேஸில் பயிற்சி எடுத்தவரா என்று கேளுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: தடைக்காலத்துக்கு முன்னாடி மீன் வாங்கி வச்சுக்குவோம். சிங்கிள் டோர் ஃப்ரீசர்ல வச்சா ஒரு மாசத்துல வாடை வருது. தனியா ஃப்ரீசர் வாங்கணுமா?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அவ்வளவு நாள் மீன் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளே –18 டிகிரி நிலையாக இருக்க வேண்டும். சிங்கிள் டோரில் மேலே இருக்கும் சின்னப் பெட்டி ஐஸ் கட்டும், ஆனால் நம் வெயிலில், கதவைத் திறந்து மூடும் வீட்டில், அந்தக் குளிரில் நிற்காது. தவறு உங்களுடையது இல்லை.

ஐந்து கிலோவுக்குள் என்றால் நல்ல டபுள் டோர் போதும், தனி ஃப்ரீசர் வாங்காதீர்கள். அதற்கு மேல் என்றால் மேலே திறக்கும் பெட்டி ஃப்ரீசர் எடுங்கள். குளிர்காற்று கனமானது. மேல் மூடியைத் திறந்தாலும் கீழேயே தங்கும். முன்பக்கக் கதவு உள்ளதில் திறந்ததும் காலடியில் கொட்டிவிடும். கண்ணாடி மூடி கடைக்கானது, வீட்டுக்கு ஹார்ட் டாப் எனும் கெட்டி மூடிதான். கண்ணாடி வழியாகச் சூடு உள்ளே இறங்கும். நூறு லிட்டருக்கு மேல் வீட்டுக்குத் தேவைப்படாது. தடைக்காலம் முடிந்ததும் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் ஓடினால் பில் பயப்படும்படி இருக்காது.

மீனைக் கழுவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி வையுங்கள். ஒரே நாளில் மொத்தத்தையும் திணிக்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ உறைய வைக்கும் என்று பெட்டியின் விவரத்தில் இருக்கும். மிஞ்சினால் உள்ளே இருப்பதும் இளகும். கவலை, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். முதலில் அதைச் சாப்பிடுங்கள். சங்கரா ஆறு மாதம்கூட இருக்கும்.

அரியாங்குப்பத்திலிருந்து: ஸ்டெபிலைசர் வேணுமா?

உங்கள் தெருவில் லைட் மங்கிப் பிரகாசமாகிறது என்றால் வேண்டும். இல்லையென்றால் ஸ்பெக்கில் எழுதியுள்ள வோல்டேஜ் எல்லைக்குள் இருந்தால் போதும், தேவையில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: எந்த நம்பர்ல வைக்கணும்? மாவு சீக்கிரம் புளிக்குது.

அந்த 1 முதல் 7 வரை உள்ள எண் டிகிரி இல்லை அம்மா, குளிரின் படிகள். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் ஒரு ராத்திரி வைத்து, காலையில் தெர்மாமீட்டரை அதில் விட்டுப் பாருங்கள். 3 முதல் 5 டிகிரி இருந்தால் சரி. மாவைக் கதவில் வைக்காதீர்கள், அதுதான் பெட்டியிலேயே சூடான இடம். அரைத்து, தேவையான அளவு புளித்ததும் உள்ளே தட்டில் வையுங்கள். சுடச்சுட எதையும் வைக்க வேண்டாம், ஆறட்டும். ஃப்ரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஏறினால் டிஃப்ராஸ்ட் செய்து ஐஸை இளக விடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள், அப்படிக் குத்தி ஓட்டையான பெட்டிகளைத்தான் நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

கடலூர், புதுச்சேரி இரண்டிலிருந்தும் பலர்: புயல் வந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால்?

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்தபோது நம் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் காற்றை விடத் தண்ணீர்தான் வீட்டுக்குள் வந்தது. இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

எச்சரிக்கை வந்ததும் ஃப்ரீசரை முழுக் குளிரில் வையுங்கள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வையுங்கள், வாய் வரை நிரப்பாமல். நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காவிட்டால் இரண்டு நாள் வரை உறைந்திருக்கும், பாதி காலியென்றால் ஒரு நாள். கீழே உள்ள ஃப்ரிட்ஜ் பகுதியில் குளிர் நான்கு மணி நேரம்தான் தாங்கும். ஒரு கிண்ணத் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஊரை விட்டுப் போய் வந்தபின் நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கறி, மீனைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

தண்ணீர் வரும் தெருவென்றால் பிளக்கைப் பிடுங்கி, மேசை மேலோ செங்கல் அடுக்கின் மேலோ ஏற்றுங்கள். கம்ப்ரசர் முழுகிய பெட்டியை வெளியே காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சுவிட்ச் போடாதீர்கள். ஷாக் அடிக்கும், கம்ப்ரசரும் போகும். மெக்கானிக் திறந்து பார்த்து, கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலேயையும் ஒயரிங்கையும் உலர்த்தித் தரும் வரை காத்திருங்கள். கரண்ட் திரும்பியதும் வோல்டேஜ் தள்ளாடும். அரை மணி நேரம் கழித்தே பிளக்கை மாட்டுங்கள்.